கேள்வியை மட்டும் எழுதவும்

சூரியனிலிருந்து ஒரு புயல் கிளம்பி வந்து, செயற்கைக்கோள்களையும் கடலுக்கடியில் ஓடிய கேபிள்களையும் ஒரே பகலில் சாகடித்து, ஊர்க் கரண்டையும் பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு உலகத்திலேயே அதிகமாக மானம் போன கூட்டம் எது என்று கேட்டால், நாங்கள்தான். மென்பொருள் எழுதுகிறவர்கள். டாக்டர் ஊசி போட்டார், கொத்தனார் சுவர் கட்டினார், டீக்கடைக்காரர் டீ ஆற்றினார். நாங்கள் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திருதிருவென்று முழித்தோம்.

என் பெயர் கெத்சியாள் தேவசகாயம். பாளையங்கோட்டையில் ஐந்து பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. டயாலிசிஸ் மெஷினுக்குள்ளே ஓடும் மென்பொருளை எழுதுகிறோம். இந்தத் தொழிலில் எனக்குப் பதினெட்டு வருடம். ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்து நடுவில் எத்தனை நாள் என்று பார்க்கும் வரியை ஐந்நூறு தடவையாவது எழுதியிருப்பேன். புயலுக்கு மறுநாள் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு அதையே எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஐந்நூறு தடவையும் இணையத்தில் தேடி எடுத்து ஒட்டியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

யார் யாரோ எழுதிப் போட்ட பதில்கள். பிரேசிலில் ஒருவர், போலந்தில் ஒருவர், பெங்களூரில் ஒரு காலேஜ் பையன். காசு கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை. எவனோ ஒருத்தன் என் கஷ்டத்தை எனக்கு முன்னாலேயே பட்டு, ராவாய்ப் பகலாய்த் தலையைப் பிய்த்துக்கொண்டு, கிடைத்ததை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதை எடுத்து ஒட்டித்தான் நான் வீடு கட்டினேன், என் பிள்ளையைப் படிக்க வைத்தேன். ஒருத்தருக்காவது நன்றி சொன்னேனா? சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

புயலுக்குப் பிறகு பதினான்காம் நாள் ஊருக்குக் கரண்ட் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பல இடங்களில் பல சாமான்களைக் கருக்கிவிட்டது. அதுவரை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் எட்டு டயாலிசிஸ் மெஷின்களிலும் காற்றுக்குமிழி சென்சார் போச்சு. எட்டும் எங்கள் மென்பொருளில் ஓடும் மெஷின்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் வாரத்தில் மூன்று நாள் படுத்து ரத்தம் சுத்திகரிக்கும் நாற்பது பேரில் ஒருவன் ஆசீர். எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவன், முப்பத்து நான்கு வயது. வேலைக்கு இன்டர்வியூ வந்தபோதே, “மேடம், நான் அந்த மெஷின்லதான் படுத்துக் கெடக்கேன். அது ஒழுங்கா ஓடணும்னு என்னைய விட வேற யாருக்கு அக்கறை இருக்கும்?” என்று கேட்டான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. வேலையைக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் ஸ்டோர் ரூமில் பழைய மாடல் சென்சார்கள் ஒரு பெட்டி கிடந்தன. அவற்றை மாட்டினோம். மெஷினை ஓடவிட்டால் அரை நிமிஷத்தில் அலாரம். குமிழியே இல்லாதபோது குமிழி, குமிழி என்று கத்தி, பம்பை நிறுத்திவிடும்.

ஆஸ்பத்திரி டாக்டர் சங்கரவடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “அந்த அலாரத்தை எடுத்துட்டு ஓட்ட முடியாதா?”

“முடியும் டாக்டர்,” என்றான் ஆசீர். “பம்ப் என் ரத்தத்த வெளிய இழுத்து, சுத்தம் பண்ணி, திருப்பி உள்ள அனுப்புது. கூடவே காத்தும் உள்ள போச்சுன்னா நான் இந்தக் கட்டில்லயே குளோஸ். பாத்து நிப்பாட்டுறதுக்கு அந்த சென்சார் ஒண்ணுதான் இருக்கு.”

டாக்டர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்ற நோயாளிகளை வேனில் நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் அனுப்பினார். அங்கேயும் கூட்டம், ஆளுக்குப் பாதி நேரம்தான் கிடைத்தது. ஆசீர் போக மறுத்துவிட்டான். “நான் போயிட்டா இத யாருக்கா சரி பண்ணுவா? ரெண்டு நாள்ல முடிச்சிருவோம். முதல் ஆளா நானே ஏறிப் படுக்கேன்,” என்றான். நானும் மண்டையை ஆட்டினேன். புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மென்பொருளைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் பிடித்தோம். சென்சாரைப் படிக்கும் வரிக்கு மேலே ஆசீர் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: ‘இந்த வரியைத் தொடாதே. ஏன் என்று தெரிய இங்கே பார்க்கவும்.’ அதற்குக் கீழே ஓர் இணைய முகவரி.

“எதுக்குல நாப்பது மில்லிசெகண்ட் காத்திருந்து வாசிக்குது?” என்றேன்.

“அதான் லிங்க் போட்ருக்கேன்லாக்கா.”

“லிங்க வச்சு நாக்கு வழிக்கவா? காரணத்தச் சொல்லு.”

“படிச்சேன், புரிஞ்சுது, ஒட்டுனேன், மறந்துட்டேன். மறந்துக்கிடலாம்னுதான லிங்க்கே போடுதோம்?”

அவனைத் திட்ட வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அந்த வழக்கத்தை எங்கள் கம்பெனியில் ஏற்படுத்தியதே நான். எங்கிருந்து எடுத்தாலும் எடுத்த இடத்தின் முகவரியை மேலே போட வேண்டும், விளக்கத்தைத் திரும்ப எழுதி நேரத்தை வீணாக்கக் கூடாது, அதுதான் அங்கே இருக்கிறதே என்பேன். இருந்தது, இப்போது இல்லை. எங்கள் மென்பொருள் முழுக்க அப்படி எழுநூற்றுச் சொச்சம் முகவரிகள், எதைத் தட்டினாலும் வெள்ளைத் திரை.

நாற்பதை இருபதாக்கினோம், அறுபதாக்கினோம். நூறு வைத்தபோது அலாரம் நின்றது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஆசீர்தான் வெறும் தண்ணீரை ஓடவிட்டு, சிரிஞ்சில் காற்றெடுத்துக் குழாய்க்குள் ஏற்றிப் பார்த்தான். பத்துக் குமிழியில் ஏழுக்குத்தான் பம்ப் நின்றது. மூன்று குமிழிகள் சென்சாரைத் தாண்டிச் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தன. அவை போவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுல என்னைய மாட்டாதீங்கக்கா,” என்றான்.

இனி வழி ஒன்றுதான், மண்டபம்.

மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையம் செத்த ஐந்தாம் நாளே, திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்து மென்பொருள்காரர்கள் எல்லோரும் ஜங்ஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட ஆரம்பித்துவிட்டோம். காலை பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள். கேள்வியை ஒரு தாளில் எழுதி, சுவரோரம் கட்டிய துணியில் குத்த வேண்டும். தெரிந்தவர்கள் அடியில் பதில் எழுதுவார்கள். பதில் சரியாக இருந்தால் கேட்டவர் அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார். பொட்டு அதிகமாக வாங்கியவனுக்கு டீ வரிசையில் முதலிடம். தாலி கட்டும் மேடையில் நாலு பேர் உட்கார்ந்து டேட்டாபேஸ் பற்றிச் சண்டை போடுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

அந்த மண்டபத்துக்கு விதி எழுதியது நான். வாசலிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்: ‘வணக்கம் எழுதாதே. நன்றி எழுதாதே. சொந்தக் கதை எழுதாதே. கேள்வியை மட்டும் எழுதவும். கீழே பெயர்.’ இணையத்தில் இருந்த கேள்வி பதில் தளங்களின் வழக்கம் அது. அங்கே நன்றி என்று எழுதினால் வந்து அழித்துவிடுவார்கள், குப்பை சேருகிறது என்று. நாங்கள் யாருக்கும் நன்றி சொல்லாமல் வளர்ந்ததற்குக் காரணம் அதுதான். சிவப்புப் பேனாவும் கையுமாக நான் சுற்றி வருவேன். கேட்ட கேள்வியையே யாராவது மறுபடி கேட்டால், ‘ஏற்கெனவே கேட்டாச்சு’ என்று கோடு போட்டுவிடுவேன். முதுகுக்குப் பின்னால் என்னை ஹெட்மிஸ்ட்ரஸ் என்று கூப்பிட்டார்களாம். கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் தாளையும் விதிப்படிதான் எழுதினேன். ‘காற்றுக்குமிழி சென்சார், பழைய மாடல். பம்ப் ஓடும்போது பொய் அலாரம். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் உண்மைக் குமிழி தப்புகிறது. காரணம் என்ன? கெத்சியாள் தேவசகாயம்.’ அவ்வளவுதான், ஆசீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முதல் நாள் ஏழு பதில் வந்தது, இரண்டாம் நாள் மூன்று. எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிச் செய்து பார்த்தோம். குமிழி தப்பிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஆசீரால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை. முகம் உப்பி, விரலெல்லாம் வீங்கிவிட்டது. “பாருங்கக்கா, நல்லா சாப்பிட்டவன் கணக்கா இருக்கேன்,” என்று சிரித்தான். வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் சங்கரவடிவு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரத்தத்தில பொட்டாசியம் ஏறிட்டே போகுது கெத்சியாள். மருந்து குடுத்துத் தள்ளிட்டிருக்கேன். இன்னிக்குத் தாண்டினா மருந்து கேக்காது, இதயம் எப்ப வேணா நின்னுடும்.”

“மதுரைக்குக் கொண்டுட்டுப் போயிருவோமா?”

“நாளை மறுநாள்தான் இடம் இருக்குன்னு சொல்றாங்க. இப்ப இவரு இருக்கிற நிலைமையில வேன்ல ஏத்தவும் எனக்கு பயமா இருக்கு.”

மண்டபத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. என் தாள் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, புதுப் பதில் எதுவும் இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்து அதன் அடியில் எழுதினேன்: ‘இந்த மெஷின் ஓடவில்லை என்றால் என்னோடு வேலை செய்யும் ஆசீர் இன்றைக்கோ நாளைக்கோ செத்துப்போவான். முப்பத்து நாலு வயது. ரொம்ப நல்ல பையன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.’

பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாக, “மேடம், சொந்தக் கதை எழுதக் கூடாதுன்னு ரூல்...” என்றார்.

“ரூலத் தூக்கிக் குப்பைல போடுங்க சார்!” என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

பத்து நிமிஷம் இருக்கும். கறுப்புப் புர்கா போட்ட ஒரு பெண், இருபத்தெட்டு இருபத்தொன்பது வயது, என் எதிரே வந்து நின்றாள். கையில் ஒரு நோட்டு. என் முகத்தைப் பார்க்காமல் நோட்டையே பார்த்துப் பேசினாள்.

“நான் ரஹ்மத் நிஷா. மேலப்பாளையம். பால் பூத்து மெஷினுக்கு போர்டு செய்யுத கம்பெனில இருக்கேன். உங்க சென்சார்ல கோளாறு இல்லக்கா. அது வாசிக்கிற நேரம்தான் தப்பு.”

“எத்தனை மில்லிசெகண்ட்னு சொல்லும்மா, இப்பவே மாத்துதேன்.”

“நம்பர மட்டும் மாத்துனா பத்தாது. பம்புக்குள்ள ஒரு ரோலர் சுத்துதுல்லா, குழாய அமுக்கி அமுக்கி விடும். அமுக்குத நேரத்துல மோட்டார் கரண்ட்ட இழுத்துக்கிடும். அதே வயர்லதான சென்சாரும் இருக்கு? அதுக்குக் கரண்ட் கம்மியாயிரும், அப்ப வாசிச்சா இல்லாத குமிழி தெரியும். ரோலர் குழாய விட்டதுக்கு அப்புறம் வாசிக்கணும்.”

“நாங்க நாப்பது விட்டிருக்கோமே. நூறுகூட விட்டுப் பாத்தாச்சு.”

“எப்போருந்து நாப்பது? ரோலர் அமுக்குனதுலருந்துதான எண்ணுதீங்க? விட்டதுலருந்து எண்ணணும். புது சென்சார் உடனே சுதாரிச்சுக்கிடும், அதனால இத்தன நாள் ஓடிருக்கு. இது பழசு, மந்தம். இதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் விடணும். நீங்க நூறு விட்டா அடுத்த அமுக்கே வந்துரும், அந்தச் சந்துல குமிழி தப்பிருது.”

மூன்று நாளாக எங்களை ஆட்டி வைத்த பேயை மூன்று நிமிஷத்தில் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடி ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் தட்டச்சு செய்ய, ரஹ்மத் பக்கத்தில் நின்று ரோலரைக் கண்ணால் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். மாற்றியது மொத்தம் நாலே வரி. தண்ணீரை ஓடவிட்டோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், பொய் அலாரம் வரவில்லை. சிரிஞ்சை அவள் வாங்கிக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி ஏற்றினாள். ஐம்பது குமிழி ஏற்றினாள், ஐம்பது தடவையும் பம்ப் நின்றது. டாக்டருக்கு அதுவும் பத்தவில்லை, தானே இன்னொரு ஐம்பது ஏற்றிப் பார்த்துவிட்டு, “பேஷன்டக் கொண்டு வாங்க,” என்றார்.

மத்தியானம் ஒன்றேகாலுக்கு ஆசீரின் ரத்தம் குழாயில் ஏறியது. முதல் ஒரு மணி நேரம் நாங்கள் யாரும் மெஷினை விட்டு நகரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து, “இறங்குது, நல்லாவே இறங்குது,” என்றார். கும்பிடுவதற்குக் கை தானாக எழுந்தது, யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை. கர்த்தரை, டாக்டரை, இந்தப் பெண்ணை, எல்லோரையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். ஆசீர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ரஹ்மத்தை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன்.

“தங்கம், இது உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“காலேஜ் கடைசி வருஷம், பால் ஊத்துத மெஷின் ஒண்ணு பண்ணுனேன்க்கா. அதுலயும் இதே மாதிரி சென்சார். பம்ப் ஓடுனா மட்டும் பொய் சொல்லும். வாத்தியாருக்கும் தெரியல. அப்ப சென்சார் போர்டுக்குன்னே ஒரு கேள்வி பதில் சைட் இருந்துச்சு. பயந்து பயந்து அதுல கேட்டேன். என் சென்சார் ஏன் பொய் சொல்லுதுன்னு.”

“யாரு பதில் சொன்னா?”

“யாருன்னே தெரியலக்கா. பேரு இருக்க வேண்டிய இடத்துல வெறும் நம்பர். எந்த நாடுன்னுகூட தெரியாது. ரோலர் படமெல்லாம் கையால வரைஞ்சு போட்டிருந்தாவ. இன்னிக்கு வரைக்கும் தொழுது துஆ கேக்கும்போது அந்த நம்பரையும் சேத்துதான் கேப்பேன்.” ஒரு வாய் டீ குடித்தாள். “ஆனா மறுநாளே கேள்விய மூடிட்டாங்க. மூடுன கேள்விய அழிச்சிருவாங்கன்னு சொன்னாங்க. அதான் பயந்து போய் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சேன்.”

கோளாறும் ஒன்று, காலமும் ஒன்று; ஆசீர் லிங்க் போட்டு வைத்திருந்த பக்கம் அதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. கூடவே இன்னொரு சந்தேகமும் எழுந்தது.

“எதுக்கு மூடுனாங்க?”

“‘சென்சார் பொய் சொல்லாது. கேட்பதற்கு முன் பாடப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் எல்லோருடைய நேரமும் மிச்சமாகும்.’” ரஹ்மத் அதை ஒப்பித்தாள். “அதுக்கப்புறம் நெட்டுல நான் எதுவுமே கேட்டதில்லக்கா. எதுனாலும் நானே முட்டி மோதிப் பாத்துக்கிடுவேன்.”

அந்த வாக்கியம் என்னுடையது.

அந்தத் தளத்தை நாலு வருடம் மேற்பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. சம்பளம் கிடையாது, ஊருக்கு உழைக்கிறோம் என்று ஒரு பெருமை. இரண்டாயிரம் கேள்விக்கு மேல் மூடியிருப்பேன். அந்த வாக்கியத்தை ஒரு ஃபைலில் தனியாக வைத்திருந்தேன். திட்டுவதைக்கூட ஒவ்வொரு தடவையும் நான் எழுதவில்லை, எடுத்து ஒட்டினேன். எத்தனை பேருக்கு ஒட்டினேன் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, சாட்சி சொல்ல இணையமும் இல்லை. ஆனால் எதிரே ஆசீரின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய்யாக உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“ரஹ்மத், அத எழுதுனது நான்தான்மா.”

அவள் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். “தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“அதுக்கு அடியிலயும் உங்க முழுப் பேருதான போட்டிருந்தீங்க? கெத்சியாள் தேவசகாயம்னு வேற யாரு இருக்கா?” அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். “மண்டபத்துல உங்க தாள மொத நாளே பாத்துட்டேன். பதிலு இந்த நோட்டுல இருக்குன்னும் தெரியும். கீழ பேரப் பாத்ததும் கை வரலக்கா. நாம ஏதாவது எழுதி, அதுல ஒரு தப்பு இருந்து, மறுபடி எல்லார் முன்னாலயும்... வேற யாராவது சொல்லிருவாங்கன்னு போயிட்டேன். ரெண்டாம் நாளும் வந்து பாத்துட்டுத்தான் போனேன். அது ஒரு ஆளு உயிருன்னு தாள்ல எங்கயும் இல்லியேக்கா. அல்லா சத்தியமா தெரியாது.”

இரண்டு நாள் அந்த நோட்டு, என் தாளுக்கு எதிரிலேயே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

“இன்னிக்கு சிவப்புல எழுதிருந்ததப் படிச்சேன். இந்தக்கா கையெடுத்துக் கும்பிடுதாங்களேன்னு இருந்துச்சு. அப்புறம் யோசிக்கவே இல்ல, வந்துட்டேன்.”

அவள் கை இரண்டையும் பிடித்துக்கொண்டேன். நன்றி என்றேன், மன்னிச்சுக்கோ என்றேன், எது முதலில் வந்தது என்று நினைவில்லை. அவள், “ஐயோ விடுங்கக்கா, எல்லாரும் பாக்காங்க,” என்று கூச்சப்பட்டாள். நான் விடவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“அன்னைக்கு நீ கேட்டது ரொம்ப நல்ல கேள்விம்மா.”

ரஹ்மத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண் நிறைந்து, என் கைமேல் ஒரு சொட்டு விழுந்தது.

“இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாக்கா,” என்றாள்.